ஓர் ஊரில் குவிந்த உலகத் தொழில்: திருப்பூர்ப் பின்னலாடையின் வரலாறு

இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூர் என்ற ஒரே ஊர் வட்டாரத்திலிருந்து போகிறது. அந்த ஊருக்குத் துறைமுகம் இல்லை. விமானம் ஏற வேண்டுமானால் கோவைக்குப் போக வேண்டும். ஊர் நடுவே ஓடும் நொய்யலில் ஆண்டின் பெரும்பகுதி நல்ல தண்ணீர் வராது. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் செழித்த பருத்தி இன்று பேருக்குத்தான் விளைகிறது. பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் வேறு மாவட்டத்துக்காரர்கள், வேறு மாநிலத்துக்காரர்கள். வாங்குபவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில், 1985இல் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடியை நெருங்கியது.

சந்தைகள் திறந்து, போக்குவரத்து மலிந்து, தகவல் நொடியில் பறக்கத் தொடங்கினால் தொழில்கள் உலகெங்கும் சீராகப் பரவிவிடும் என்று 1990களில் பலர் நம்பினார்கள். நடந்தது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் தாதாங் என்ற ஊர் காலுறை மட்டுமே பின்னிப் பெரிதானது; அதே மாகாணத்தின் சியாவ்தோ சட்டைப் பொத்தானால் பெரிதானது. ஒரு பொருளைத் தொலைதூரத்துக்கு அனுப்பும் செலவு குறைந்தபோது, அதை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகவில்லை. எங்கே மிகச் சுலபமாகச் செய்ய முடியுமோ அங்கேயே மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. பின்னலாடையில் அந்த இடங்களுள் ஒன்றாகத் திருப்பூர் ஆனது.

இப்படித் தொழில் குவிவது புதிதும் இல்லை. ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலிலேயே இதற்குக் காரணம் தேடினார். ஒரு தொழிலில் பழகிய ஆட்கள் ஓரிடத்தில் நிறையக் கிடைப்பது, அத்தொழிலுக்குத் தேவையான துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைப்பது, தொழில் நுணுக்கங்கள் ரகசியமாக இல்லாமல் ஊர்ப்பேச்சாகிவிடுவது ஆகிய மூன்றையும் அவர் சுட்டினார். நூறாண்டு கழித்துப் பொருளியலாளர் பால் க்ரூக்மன் இதையே கணித வடிவில் காட்டினார். 2008இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் விரும்பிச் சொன்ன எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உள்ள டால்டன். அங்கே 1895இல் கேத்தரின் எவன்ஸ் என்ற பெண் ஒரு திருமணப் பரிசுக்காக நூற்குஞ்சம் வைத்த படுக்கை விரிப்பைத் தைத்தார், அக்கம்பக்கத்தார் கற்றுக்கொண்டார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் தரைவிரிப்புத் தொழிலே அந்த ஊரில் வந்து குவிந்தது. தொடக்கம் தற்செயலாக இருக்கலாம். ஒருமுறை குவியத் தொடங்கினால் அந்தக் குவியலே மேலும் ஆளையும் முதலையும் இழுக்கும் என்பது அவர் வாதம். திருப்பூரின் கதை அந்த வாதத்துக்குப் பெருமளவு பொருந்தும். ஆனால் குவிந்த இடம் என்ன விலை கொடுக்கிறது என்பதை அந்தக் கோட்பாடுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. நொய்யல் பேசியது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அதன் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே இரும்பு உருக்கியதையும் பளிங்கு, பச்சைக்கல் போன்றவற்றில் மணி செய்ததையும் காட்டின. பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப் பாதை இந்தப் பக்கமாகத்தான் சென்றது. கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானிய நாணயப் புதையல்கள் அதற்குச் சாட்சி. இதை வைத்து இன்றைய ஏற்றுமதிக்கு ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி உண்டு என்று மேடைகளில் பேசுவது வழக்கம். அப்படிப்பட்ட தொடர்ச்சிக்கு ஆதாரம் இல்லை. இடையில் பல நூற்றாண்டுகள் இது மானாவாரி விவசாயமும் மேய்ச்சலும் நடந்த மேட்டுநிலம்தான். தொடர்வது மலையில் உள்ள அந்த இடைவெளி மட்டுமே. 1862இல் சென்னையையும் மேற்குக் கரையில் உள்ள பேப்பூரையும் இணைத்த ரயில் பாதையும் அதே கணவாயைத்தான் தேடிப் போனது. திருப்பூர் அந்தப் பாதையில் ஒரு நிலையமாயிற்று.

மழை குறைந்த கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. ரயில் வந்தபின் சுற்றுப்புறப் பருத்தி வண்டி வண்டியாகத் திருப்பூருக்கு வந்தது, சந்தை வளர்ந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரவை ஆலைகள் எழுந்தன. 1920களில் ஊர் கதர் உற்பத்திக்குப் பேர்போன மையமாக இருந்தது. 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பிடித்தபடி போலீஸ் தடியடிபட்டு இறந்த குமரன் இந்த ஊரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறார். பருத்தி வியாபாரம் ஊருக்கு மூன்றைக் கொடுத்தது: நூலும் பஞ்சும் தெரிந்த ஆட்கள், கடன் கொடுத்து வாங்கும் பழக்கம், வெளியூர் வியாபாரிகளோடு தொடர்பு. பனியன் வருவதற்கு முன்பே இவை இருந்தன.

பனியன் வந்தது கல்கத்தாவிலிருந்து. அக்காலத்தில் இந்தியாவின் பருத்திப் பின்னலாடைக்குக் கல்கத்தாவும், கம்பளிப் பின்னலாடைக்கு லூதியானாவும் தலைநகரங்கள். 1925 வாக்கில் திருப்பூரில் கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்கள் இறங்கின. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்குக் கிடைத்தது. அதன் பலனாகக் கோவையில் நூற்பாலைகள் அடுக்கடுக்காக எழுந்தன. நூல் ஐம்பது கிலோமீட்டருக்குள் கிடைத்தது என்பது திருப்பூருக்குப் பெரிய வசதி. விடுதலைக்குப் பிறகு வெள்ளை உள்பனியன் தமிழ்நாடு முழுக்க விற்றது, பிறகு வடக்கேயும் போனது. 1956இல் தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர்களின் சங்கம் திருப்பூரில் தோன்றியது. 1960களிலும் 70களிலும் கல்கத்தாவின் தொழிற்சாலைகள் வேலைநிறுத்தத்தாலும் அரசியல் கொந்தளிப்பாலும் தளர்ந்தபோது அங்கே போயிருக்க வேண்டிய ஆர்டர்கள் தெற்கே திரும்பின.

இந்தக் கட்டத்தில் ஊரில் நடந்த சமூக மாற்றம் பொருளியல் நூல்களில் அதிகம் வராத ஒன்று. கிணற்றுப் பாசனத்தில் மல்லுக்கட்டிய கொங்கு வேளாளக் கவுண்டர் குடும்பங்களின் இளைஞர்கள் பனியன் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கட்டிங் மாஸ்டராக, டெய்லராகப் பல ஆண்டு வேலை பார்த்தபின், நான்கைந்து பேர் கூட்டுச் சேர்ந்து நான்கைந்து தையல் இயந்திரங்களோடு சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். இதை நேரில் ஆராய்ந்து நூலாக எழுதிய ஷரத் சாரி, 1990களில் முதலாளிகளாக இருந்தவர்களில் பெரும்பங்கினர் இப்படித் தொழிலாளியாக இருந்து வந்தவர்கள் என்று காட்டினார். நிலத்தை விற்றோ அடகு வைத்தோ கொஞ்சம் முதல், உறவுக்காரர் கொடுத்த கடன், பழைய முதலாளி தந்த நூல் ஆகியவற்றை வைத்தே பலர் மேலே வந்தார்கள். உழைப்பால் உயர்ந்தோம் என்று அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த ஏணியில் எல்லாரும் ஏற முடியவில்லை. நிலமும் உறவின் கடனும் இல்லாத தலித் தொழிலாளிக்கும், எந்தச் சாதியானாலும் பெண்ணுக்கும், தையல் மேசையிலிருந்து முதலாளி நாற்காலிக்குப் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. 1984இல் பஞ்சப்படி கேட்டு நான்கு மாதத்துக்கும் மேல் நீடித்த வேலைநிறுத்தம், முன்னாள் தொழிலாளிகளும் இந்நாள் தொழிலாளிகளும் எதிரெதிரே நின்ற போராட்டமாக இருந்தது.

1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி, மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூர் வந்தார். திருப்பூரின் ஏற்றுமதிக் கதை வழக்கமாக இங்கேதான் தொடங்கும். 1981 வாக்கில் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ என்ற பெரிய கடைத்தொடர் இங்கே வாங்கத் தொடங்கியதும் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். உள்பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் துணி ஏறத்தாழ ஒன்றுதான். கையும் கழுத்தும் வேறு, கூடவே நிறமும் அச்சும் வேண்டும். அந்த நிறம்தான் பின்னால் பெரிய பிரச்சினையாயிற்று. 1990இல் ஏ. சக்திவேல் தலைமையில் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தபோது ஆண்டு ஏற்றுமதி சுமார் 300 கோடி; ஐந்தாண்டில் இருபது மடங்கு. அடுத்த ஆண்டு ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் வெளிநாட்டுக்காரருக்குத் திருப்பூர்ச் சரக்கு இன்னும் மலிவாயிற்று. ஊருக்கு டாலர் சிட்டி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

வெரோனா வந்ததற்குப் பின்னால் ஓர் உலக ஏற்பாடும் இருந்தது. 1974இல் நடப்புக்கு வந்த பலநார் ஒப்பந்தத்தின்படி, பணக்கார நாடுகள் ஒவ்வொரு ஏழை நாட்டிலிருந்தும் எந்த வகை ஆடை எத்தனை வரலாம் என்று கோட்டா வைத்தன. தம் ஆலைகளைக் காப்பாற்றத்தான் வைத்தன. விளைவு வேறு விதமாகவும் போயிற்று. ஹாங்காங், தென்கொரியாவின் கோட்டா நிரம்பியதும் வாங்குபவர்கள், கோட்டா மிச்சமிருந்த நாடுகளுக்கு ஓடினார்கள். கொரியாவின் தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸோடு கைகோத்து, 130 தொழிலாளர்களைத் தன் நாட்டுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. அங்கிருந்து திரும்பியவர்கள் பலர் பின்னர் சொந்த ஆலை தொடங்கினார்கள். இலங்கை 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் அதிபர் பிரேமதாசா கிராமங்களில் 200 ஆடைத் தொழிற்சாலை என்ற திட்டத்தையே அறிவித்தார். ஆடைத் தொழில் இத்தனை நாடுகளில் பரவியதற்குக் கூலியைப் போலவே கோட்டாவும் காரணம். இந்தியாவில் அந்தக் கோட்டாவைப் பங்கிட்டுக் கொடுத்தது 1978இல் தொடங்கிய ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில்.

இந்திய அரசின் இன்னொரு விதியும் திருப்பூரின் உருவத்தைத் தீர்மானித்தது. பின்னலாடை 2000களின் நடுப்பகுதி வரை சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய முதலீட்டில் ஒரே ஆலை வைக்க இடமில்லை. அதனால் வளர விரும்பியவர் தன் கம்பெனியைப் பெரிதாக்காமல் தம்பி பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பக்கத்தில் திறந்தார். வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுத்தார். ஜாப் ஒர்க் என்ற முறை இப்படித்தான் ஊரின் இயல்பாயிற்று.

ஒரு டி-ஷர்ட் திருப்பூருக்குள் எத்தனை கை மாறுகிறது என்று பார்த்தால், இந்தத் தொழில் ஏன் இடம்பெயர மறுக்கிறது என்பது புரியும். கோவை அல்லது பல்லடம் பக்கத்து மில்லிலிருந்து கோன் கோனாக நூல் வருகிறது. நிட்டிங் கம்பெனியில் வட்ட இயந்திரம் அதைக் குழாய் வடிவத் துணியாகப் பின்னித் தள்ளுகிறது. அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போய் வெளுக்கப்பட்டு நிறமேறுகிறது. அங்கிருந்து காம்பாக்டிங்குக்குப் போகிறது. துவைத்தால் சுருங்காதபடி துணியை முன்கூட்டியே நெருக்கி வைக்கும் வேலை அது. பிறகு கட்டிங். வெட்டிய துண்டுகளில் சில பிரிண்டிங் பட்டறைக்கும் சில எம்பிராய்டரிக்கும் பிரிந்து போய்த் திரும்பி வருகின்றன. பவர் டேபிளில் ஓவர்லாக் இயந்திரம் பக்கங்களை இணைக்கிறது, ஃபிளாட்லாக் ஓரம் மடிக்கிறது, சிங்கர் பட்டியும் லேபிளும் பிடிக்கிறது. டெய்லருக்குப் பக்கத்தில் துணி எடுத்துக் கொடுத்து மடித்து வைக்கும் ஆளுக்குக் கைமடி என்று பெயர். பல டெய்லர்கள் கைமடியாக இருந்து பார்த்துப் பழகியவர்கள்தான். காஜா பட்டன், பிசிர் வெட்டுவது, செக்கிங், அயனிங், பேக்கிங் என்று மீதி வேலைகள். இவற்றில் பல, வேறு வேறு முதலாளியின் வேறு வேறு கட்டடத்தில் நடக்கின்றன. வெட்டிய துணி மூட்டையை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு சந்துகளில் ஓடிய டிவிஎஸ் ஃபிஃப்டிதான் பல காலம் இந்த ஆலையின் கன்வேயர் பெல்ட். பிறகு சின்ன யானை வண்டிகள் வந்தன.

இப்படிப் பிரிந்து கிடப்பதால் ஒரு வசதி உண்டு. வாங்குபவர் சீசன் தோறும் மாற்றிக் கேட்பார். ஒரு மாதம் லட்சம் பீஸ், அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. ஆர்டர் எடுத்தவர் எல்லா இயந்திரங்களையும் சொந்தமாக வைத்திருந்தால் கடனில் மூழ்கிப் போவார். ஊரில் ஆயிரக்கணக்கில் ஜாப் ஒர்க் பட்டறைகள் இருப்பதால், வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம், வேண்டாதபோது சுருக்கிக்கொள்ளலாம். சுருங்கும்போது அந்த நட்டம் ஜாப் ஒர்க்காரர் தலையிலும் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் தலையிலும் விழும் என்பது அதன் மறுபக்கம். எலாஸ்டிக், ஜிப், தையல் நூல், அட்டைப்பெட்டி, பாலித்தீன் பை விற்பவர்களும் இயந்திரம் ரிப்பேர் பார்ப்பவர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். ஏற்றுமதிக்குத் தேறாத செகண்ட்ஸ் சரக்கு ரயில் நிலையம் பக்கத்துக் காதர்பேட்டையில் விற்றுப்போகிறது. வெட்டியதில் மிஞ்சிய பனியன் வேஸ்ட்டுக்குக்கூட ஆள் உண்டு. வேறோர் ஊரில் நிலமும் மின்சாரமும் மலிவாகக் கிடைத்தாலும் இத்தனையும் ஒன்றாகக் கிடைக்காது. மார்ஷல் சொன்ன மூன்று காரணங்களும் அனுப்பர்பாளையத்திலிருந்து பல்லடம் சாலை வரை நடந்தாலே கண்ணில் படும்.

ஊருக்குள் இத்தனை கை மாறுவது கட்டுப்படியாவதற்குக் காரணம், ஊருக்கு வெளியே அனுப்பும் செலவு சரிந்தது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். ஒரு டன் சரக்கைக் கையால் ஏற்ற ஏறத்தாழ 5.86 டாலர் ஆனது. பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட். அதன்பின் துறைமுகம் பக்கத்தில் இருப்பது ஆலைக்கு அவசியமில்லாமல் போயிற்று. திருப்பூரில் பூட்டி முத்திரையிட்ட பெட்டி இரவோடு இரவாகத் தூத்துக்குடி போய்ச் சேரும். அங்கே பெரிய கப்பல்கள் வர ஆழம் போதாததால், பெரும்பாலான பெட்டிகள் சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பல் மாறி ஐரோப்பா போயின. கொழும்புத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றால் திருப்பூரில் ஏற்றுமதியாளர் தூக்கம் கெடும்.

ஆட்கள் வந்த வழியும் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் சுற்றுக் கிராமங்கள். 1990களில் மதுரை, திண்டுக்கல், தேனி, இன்னும் தெற்கே உள்ள மாவட்டங்களின் வறண்ட ஊர்கள். 2000களுக்குப் பின் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் என்பது கணக்கு; ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது வழக்கம்; அவசர ஆர்டர் என்றால் விடிய விடிய. சம்பளம் வாரக் கடைசியில், பெரும்பாலும் சனிக்கிழமை கையில் வரும். லைன் வீடுகளில் ஓர் அறையில் ஒரு குடும்பம் அல்லது ஐந்தாறு இளைஞர்கள் இருப்பார்கள். பக்கத்து மாவட்டங்களின் நூற்பாலைகளில், மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம், 2000களில் ஐரோப்பியப் பத்திரிகைகள் வரை போய்ப் பெயரைக் கெடுத்தது. 2020 ஊரடங்கில் வடமாநிலத்தவர் ரயிலேறிப் போனபோது, இயந்திரங்கள் இருந்தும் ஊர் முடங்கியது.

நிறத்தின் கதைக்கு வரலாம். பருத்தி இழை தண்ணீரில் எதிர்மின்தன்மை கொள்ளும், சாயமும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை இழைக்குள் போகச் செய்ய உப்பைக் கொட்ட வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் சாய நீருக்கு 50 கிராமுக்கு மேல். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்பு அப்படியே தண்ணீரில் மிஞ்சும். 1980களின் நடுவிலிருந்து 2000 வரை சாயப்பட்டறைகள் எழுநூறைத் தாண்டின. அவை அந்தத் தண்ணீரை நொய்யலில் விட்டன. நிலத்தடி நீரும் கெட்டதால், சாயம் போடுவதற்கே நல்ல தண்ணீரைத் தூரத்துக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வாங்க வேண்டியிருந்தது. சில விவசாயிகளுக்குப் பயிரைவிடத் தண்ணீரை விற்பது லாபமாயிற்று. 2005 வாக்கில், காவிரிப் பக்கமிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிகமாகக் குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் சுமார் 1,000 கோடி ரூபாயில் முடிந்தது. அரசும் தனியாரும் சேர்ந்து இந்தியாவில் செய்த முதல் பெரிய நீர்த்திட்டங்களில் அது ஒன்று.

கழிவுநீர் போய்த் தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த அந்த அணை, ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக வந்தது. சில ஆண்டுகளிலேயே அணையின் நீர் பயிரைக் கருக்கும் உப்பு நீராகிவிட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. சுற்றியுள்ள கிணறுகள் கெட்டன, தென்னை காய்ந்தது. விவசாயிகள் சங்கங்கள் நீதிமன்றம் போயின. பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருந்தன. அவை நிறத்தை நீக்கின, உப்பை நீக்கவில்லை. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தவணைகள் கடந்தும் நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது.

மூடிய மாதங்களில் திருப்பூரின் துணி சாயத்துக்காக ஊர் ஊராகப் போயிற்று. சிலர் லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் அனுப்பினார்கள். ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துத் தோட்டங்களில் கொட்டகை போட்டுத் திருட்டுத்தனமாகச் சாயம் போட்டவர்களும் இருந்தார்கள். அசுத்தம் அந்தக் கிணறுகளுக்குப் போனது. கெடுதலான வேலை, சட்டம் இறுக்கமான இடத்திலிருந்து தளர்வான இடத்துக்கு நகரும் என்று நாடுகளை வைத்துச் சொல்லப்படுவது, இங்கே மாவட்டங்களுக்குள்ளேயே நடந்தது. கடைசியில் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சிய உப்பு நீரைக் கொதிக்க வைத்து உப்பாக எடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் நிலைக்கு வந்தன. விறகும் மின்சாரமுமாகச் செலவு கூடியது. சிறிய பட்டறைகள் பல திறக்கவே இல்லை. பின்னாளில் சூழலைக் கெடுக்காத ஆடை என்று வெளிநாட்டு வாங்குபவர்கள் தேடத் தொடங்கியபோது, ஏற்றுமதியாளர்கள் இதே சுத்திகரிப்பைப் பெருமையாகக் காட்டினார்கள். விவசாயிகளின் வழக்கு இல்லாமல் அந்தப் பெருமை கிடைத்திருக்காது. விளம்பரப் புத்தகங்களில் அந்த வரி இருக்காது.

இதற்கிடையில் 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முடிவுக்கு வந்தது. சீனா எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்தார்கள். முதலில் கொஞ்சம் அப்படித்தான் ஆயிற்று. நீண்ட காலத்தில் திருப்பூருக்கு வலித்தது வங்கதேசமும் வியட்நாமும். மிகப் பின்தங்கிய நாடு என்ற முறையில் வங்கதேசச் சட்டை 2001 முதல் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போனது. திருப்பூர்ச் சட்டைக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வரி இருந்தது. லாபமே அந்த அளவில் இருக்கும் தொழிலில் அது பெரிய இடைவெளி. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபின்னும் ஆர்டர்கள் அங்கிருந்து பெருமளவில் நகரவில்லை. ஆலை, ஆள், துறைமுகம், வரிச்சலுகை எல்லாம் அங்கே குவிந்தாயிற்று; குவியலுக்கு எல்லா ஊரிலும் ஒரே குணம்தான்.

உற்பத்தி இப்படி ஆசியாவின் சில ஊர்களில் குவிய, சட்டைக்கு உருவம் தீட்டுவது, பெயர் சூட்டுவது, விலை வைப்பது ஆகியவை வேறு சில ஊர்களில் குவிந்தன. துறைமுகத்தில் கப்பலேறும்போது சட்டைக்குள்ள விலை, கடையில் தொங்கும் சீட்டில் உள்ள விலையில் ஒரு சிறு பங்குதான். தைத்தவர் கூலி அதிலும் சிறு பங்கு. மீதியில் பெரும்பகுதி வாங்குபவரின் நாட்டில், கடை வாடகையாகவும் விளம்பரமாகவும் வரியாகவும் லாபமாகவும் தங்கிவிடுகிறது. திருப்பூர் முதலாளிகள் சொந்தப் பெயரில் விற்று வெற்றி கண்டது பெரும்பாலும் உள்நாட்டு உள்ளாடைச் சந்தையில்தான். வெளிநாட்டில் அந்தப் படி ஏறியவர்கள் மிகச் சிலர்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது 50 சதவீதம் வரி போட்டபோது, திருப்பூரின் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வாங்கும் சந்தை ஒரே நாளில் ஆட்டம் கண்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பிரிட்டனோடு வரியில்லா வணிகத்துக்கு இந்தியா கையெழுத்திட்டிருந்தது. ஒரு கதவு இறுக, மற்றொன்று திறந்தது. ஆர்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதைத் தைத்துக் கொடுக்கும் ஏற்பாடு ஊருக்குள் ஒன்றுதான்.

அந்த ஏற்பாட்டிலும் ஒரு பகுதி மெல்ல வெளியே நகர்கிறது. நகருக்குள் வாடகை ஏறி, ஆள் கிடைப்பது அரிதானதால், தாராபுரம், வெள்ளகோவில், திண்டுக்கல் மாவட்டம் என்று உள்பகுதிகளில் தையல் கூடங்கள் திறக்கப்படுகின்றன; தூரத்துக் கிராமங்களிலிருந்து பெண்களைக் கம்பெனி வேன்கள் அழைத்து வருகின்றன. தையல் இயந்திரத்தைக் கழற்றி இன்னோர் ஊரில் மாட்டுவது எளிது. நகராமல் நிற்பது சாயம்: பல கோடி கொட்டிக் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் நிலத்தில் ஊன்றியது, அதன் குழாய் வலையோடு பிணைந்தது. அதைச் சுற்றி காம்பாக்டிங்கும் கட்டிங்கும் பேக்கிங்கும் நிற்கின்றன. வெளியூர்க் கூடத்தில் தைத்த சட்டையும் செக்கிங்குக்கும் பெட்டி கட்டுவதற்கும் பெரும்பாலும் திருப்பூருக்கே திரும்பி வருகிறது.